ஆங்கிலச் சொல்வளம்: அகராதியும் அக்கம்பக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்வழியில் படித்துவிட்டு, கல்லூரியிலோ வங்கித் தேர்விலோ வேலையிடத்திலோ ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழில் எழுதி, ஆங்கிலச் சொல்லை மட்டும் உள்ளே அப்படியே விட்டிருக்கிறேன். அந்தச் சொல் தெரியாதவர்கள் உடனே கைப்பேசியை எடுக்காமல், வாக்கியத்தை வைத்தே பொருளைப் பிடிக்கப் பாருங்கள்.

தினமும் பத்துச் சொல் மனப்பாடம் செய்கிறேன். அடுத்த வாரம் ஒன்றுகூட நினைவில் இல்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

இல்லை. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சம் மெதுவாகக் கரைகிறது. வாக்கியமில்லாமல், ஆளில்லாமல், சம்பவமில்லாமல் ஒரு பட்டியலில் நிற்கும் ஆங்கிலச் சொல்லும் ஏறக்குறைய அந்தப் பொருளற்ற அசை மாதிரிதான். 'ஆர்டுவஸ் – கடினமான' என்று நூறு முறை எழுதலாம். 'வெள்ளியங்கிரி மலை ஏறுவது ஆர்டுவஸ்' என்று ஒருமுறை படித்தவருக்கு, அதிலும் ஏறிப் பார்த்தவருக்கு, அந்தச் சொல் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டியல் கடைசியில் வரவேண்டியது. நீங்கள் எங்கேயோ படித்துச் சந்தித்த சொற்களை நீங்களே தொகுத்த பட்டியல் என்றால் சரி. யாரோ அச்சடித்து விற்கும் 'முக்கியமான 1,000 சொற்கள்' பெரும்பாலும் காசுக்குக் கேடு.

சூழலை வைத்துப் பொருள் கண்டுபிடிப்பது என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

'கம்பெனி இருமடங்கு விலை தருவதாகச் சொல்லியும் ஊர்க்காரர்கள் நிலத்தை விற்க ரிலக்டன்ட் ஆக இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு குடும்பங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டன.'

முதலில், இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஊர்க்காரர்கள் எப்படி இருந்தார்கள் என்று சொல்கிறது. ஆக, மனநிலையைக் காட்டும் சொல். அடுத்து, 'சொல்லியும்' என்பதில் உள்ள 'உம்'. இருமடங்கு விலை கிடைத்தால் மகிழ்ச்சியோடு விற்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. அந்த 'உம்' எதிர்பார்ப்பைத் திருப்பிப் போடுகிறது. எனவே 'ஆவலாக' என்பது பொருளாக இருக்க முடியாது. ஆங்கிலத்தில் ஆல்தோ, டிஸ்பைட், ஈவன் தோ போன்றவை இந்த 'உம்' செய்யும் வேலையைத்தான் செய்கின்றன.

அப்படியானால் 'மறுத்தார்கள்' என்று பொருளா? அதுவும் இடிக்கிறது. மறுத்தவர்கள் என்றால் இரண்டு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருக்காது. ஆவலும் இல்லை, முழு மறுப்பும் இல்லை, இழுபறியாக ஆறு மாதம் ஓடியிருக்கிறது: தயக்கம். இப்போது அகராதியைத் திறந்தால், அங்கே விருப்பமின்மையும் தயக்கமும் சேர்ந்தே இருக்கும். உங்கள் ஊகத்தில் விட்டுப்போனதை அகராதி நிரப்பும்.

வரிசை இதுதான்: ஊகம் முதலில், அகராதி அப்புறம். மாற்றிச் செய்தால் ஊகிக்க எதுவும் மிச்சமிருக்காது. மூளை உழைக்காத இடத்தில் நினைவும் தங்காது.

இது வெளிநாட்டு முறை. நமக்கு ஒத்துவருமா?

நம் பள்ளிக்கூடத்துத் தமிழ்த் தேர்வில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று ஒரு கேள்வி வருமே, அது இதன் பக்கத்து வீடு. இன்னும் பின்னே போனால், தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்திலேயே இது இருக்கிறது. பல பொருள் ஒரு சொல் ஒரு தொடரில் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதை வினை, இனம், சார்பு ஆகிய மூன்றும் காட்டிக்கொடுக்கும் என்கிறது அந்நூல். 'மா பூத்தது' என்றால் மரம். பூத்தது என்ற வினை சொல்லிவிடுகிறது. 'மாவும் பலாவும்' என்றாலும் மரம்தான். கூட நிற்கும் இனம் சொல்கிறது. கவசம் அணிந்து போருக்கு நிற்பவன் 'மா கொண்டுவா' என்றால் குதிரை, சார்பு சொல்கிறது. நான் ஆங்கில வகுப்பிலும் இந்த மூன்றைத்தான் கேட்கச் சொல்கிறேன்: வினை என்ன, கூட யார் நிற்கிறார்கள், நிலைமை என்ன?

'சாங்ஷன்' என்ற சொல்லில் இதைச் சோதித்துப் பாருங்கள். 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அனுமதி, ஒப்புதல் என்று நமக்கு நன்றாகத் தெரியும். அதே நினைப்போடு ஆங்கிலச் செய்தியில் 'ரஷ்யா மீது சாங்ஷன்ஸ்' என்று படிப்பவர், ரஷ்யாவுக்கு ஏதோ நிதி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அங்கே பொருள் நேர் எதிர்: தடை. எப்படித் தெரிந்துகொள்வது? வினையைப் பாருங்கள். தடை என்ற பொருளில் வரும்போது 'இம்போஸ்' (விதி) அல்லது 'லிஃப்ட்' (நீக்கு) பக்கத்தில் நிற்கும். சொல்லும் பெரும்பாலும் பன்மையில் இருக்கும். கடன், தொகை, பணியிடம் பக்கத்தில் நின்றால் ஒப்புதல்.

வாக்கியத்தில் என்னென்ன துப்புகள் கிடைக்கும்?

மிகச் சுலபமான துப்பு, எழுதியவரே பொருளைச் சொல்லிவிடுவது. பாடப்புத்தகங்களிலும் மருத்துவக் குறிப்புகளிலும் இது நிறைய. காற்புள்ளி போட்டோ, சிறு கோடு போட்டோ, 'தட் இஸ்' என்று சொல்லியோ விளக்கம் வரும். இங்கே ஒரு பொறி உண்டு. 'ஆர்' என்றால் 'அல்லது' என்றே பழகியிருக்கிறோம். 'ஹைப்பர்டென்ஷன், ஆர் ஹை பிளட் பிரஷர், வந்தவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும்' என்ற வாக்கியத்தில் இரண்டு நோய் இல்லை, ஒன்றுதான். முன்னும் பின்னும் காற்புள்ளி நிற்கும் 'ஆர்' பெரும்பாலும் 'அதாவது'. இதைத் தெரியாமல் அறிவியல் பாடத்தில் ஒன்றை இரண்டாக எண்ணிப் படிப்பவர்கள் ஏராளம்.

அடுத்தது எதிர்நிலை. பட், அன்லைக், வைல், ராதர் தேன் என்று ஏதாவது வந்தால் வாக்கியம் இரண்டு தட்டாகப் பிரிகிறது. ஒரு தட்டு புரிந்தால் மற்றது அதற்கு எதிர். 'அண்ணன் வாய் ஓயாமல் பேசுவான், தம்பியோ டாசிடர்ன்.' இதற்கு அகராதி வேண்டுமா?

எடுத்துக்காட்டுகள் வந்தால், 'சச் அஸ்' என்பதற்குப் பின்னால் உள்ளவற்றின் பொதுப்பெயர் என்ன என்று யோசியுங்கள். 'லெக்யூம்ஸ், சச் அஸ் துவரை, உளுந்து, பாசிப்பயறு' என்றால் பருப்பு, பயறு வகை. காரணமும் விளைவும் கொடுக்கும் துப்பு கொஞ்சம் யோசிக்க வைக்கும். சொல்லுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆனது என்று இரண்டு பக்கமும் தேட வேண்டும். துப்பு அதே வாக்கியத்தில்தான் இருக்கும் என்றும் இல்லை. அடுத்த பத்திக்குப் போயும் தேடலாம்.

ஊகம் தப்பாகப் போனால்?

போகும். எல்லா வாக்கியமும் துப்புக் கொடுக்கும் என்று நம்பக்கூடாது. 'மழை பெய்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலோரம் பென்சிவ் ஆக உட்கார்ந்திருந்தார்.' பெரும்பாலோர் 'சோகமாக' என்பார்கள். மழையும் ஜன்னலும் நம் சினிமாப் பழக்கத்தில் சோகத்தைக் கொண்டுவந்து விடுகின்றன. உண்மையில் அது ஆழ்ந்த யோசனையில் இருப்பது. சோகத்தின் சாயல் இருக்கலாம், கட்டாயமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஊகத்தைப் பென்சிலால் எழுதிவைத்துவிட்டு அகராதிக்குப் போங்கள்.

தெரியாத சொற்கள் அதிகமாக இருந்தாலும் இந்த முறை வேலை செய்யாது. துப்பாக இருக்க வேண்டிய சொல்லே தெரியவில்லை என்றால் எதை வைத்து ஊகிப்பது? நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் சொல்வளத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். அவரும் அவர் மாணவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பிறர் உதவியில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். புத்தகம் வாங்கும் முன் நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்தாறு என்றால் வாங்கலாம். இருபது என்றால் அது அடுத்த வருடத்துப் புத்தகம்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி போதாதா? ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் படித்தால் விளக்கமே புரிவதில்லை.

இந்தக் குறை பழையது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் 'நெட்வொர்க்' என்ற சுலபமான சொல்லுக்கு ரெட்டிகுலேட்டட், டெகுசேட்டட், இன்டர்ஸ்டிசஸ் என்று யாருக்கும் தெரியாத சொற்களைப் போட்டு விளக்கம் எழுதினார். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் நம்மைப் போல ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்பவர்களோடு வேலை செய்தவர்கள். மைக்கேல் வெஸ்ட் வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியப் பணியில் இருந்தவர். 1935இல் அவர் கொண்டுவந்த அகராதியில் சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்க 1,490 சொற்களை மட்டுமே பயன்படுத்தினார். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் குழு உருவாக்கி 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதிதான் பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியாக வளர்ந்தது. 1978இல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்கியது. 1987இல் வந்த கோபில்ட் அகராதி, 'நீங்கள் ஒன்றைச் செய்ய ரிலக்டன்ட் ஆக இருந்தால், அதைச் செய்ய உங்களுக்கு விருப்பமில்லை' என்கிற பாணியில் முழு வாக்கியமாகவே பொருள் சொன்னது. விளக்கத்துக்குள்ளேயே சூழலும் வந்துவிடுகிறது என்பதால் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, தமிழ் அகராதியில் என்ன குறை? 'நொட்டோரியஸ்' என்ற சொல்லை 'பேர்போன' என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவர், அப்துல் கலாமை 'நொட்டோரியஸ் விஞ்ஞானி' என்று எழுதிவிடுவார். கெட்ட காரியத்துக்குப் பேர்போனவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். மாணவர் அகராதி இதை விளக்கத்திலேயே சொல்லிவிடும். 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்', 'டிஸப்ரூவிங்' என்று சாய்வெழுத்தில் சின்னதாகக் குறிப்பு இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'ஸ்கின்னி' என்றால் பெரும்பாலும் குறை. தமிழில் இரண்டுக்கும் 'ஒல்லி' என்றே எழுதிக்கொள்வோம்.

ஆனால் தமிழ் அகராதியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 'ஃபெனுகிரீக்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'கடினமான மஞ்சள்–பழுப்பு விதைகளை உடைய, சமையலில் பயன்படும் செடி' என்று படித்துப் படித்து மண்டை காய்வதைவிட, 'வெந்தயம்' என்ற ஒரு சொல் போதும். 'ஆட்டர்' என்றால் நீர்நாய். மரம், மீன், பறவை, மளிகைச் சாமான், நோய் இதற்கெல்லாம் தமிழ்தான் விரைவு. குணம், உணர்ச்சி, கருத்து என்று வரும்போது ஆங்கில விளக்கத்துக்குப் போங்கள்.

தமிழில் பேசும்போதே பாதி ஆங்கிலம்தான் பேசுகிறோம். அந்தச் சொற்கள் கைகொடுக்காதா?

கைகொடுக்கும், சில இடத்தில் காலையும் வாரும். 'வண்டி ரிப்பேர்' என்றால் நமக்கு வண்டி கெட்டுப்போனது; ஆங்கிலத்தில் ரிப்பேர் என்பது சரிசெய்வது. ஆங்கிலத்தில் 'மை பைக் இஸ் ரிப்பேர்' என்றால் கேட்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. 'ஃபீல் பண்ணாதே' என்று நாம் சொல்வது வருத்தப்படாதே என்பதற்கு. ஆங்கில ஃபீலுக்கு எந்த உணர்ச்சியும் பொருந்தும். 'ஹோட்டல்' நமக்குச் சாப்பிடும் இடம், அவர்களுக்குத் தங்கும் இடம். 'டவுட்' வகுப்பில் நாம் கேட்பது. இங்கிலாந்துக்காரரிடம் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், அவர் சொன்னதை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கவர், கரண்ட், பார்சல் என்று இன்னும் நிறைய இருக்கின்றன. ஏற்கெனவே தெரிந்த சொல் என்பதாலேயே அகராதியில் இவற்றை யாரும் தேடுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் அகராதியில் பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு.

முன்னொட்டு, பின்னொட்டு படித்தால் பொருள் பிடிபடுமா?

ஓரளவு. அன், மிஸ், ரீ, லெஸ், ஃபுல், எபிள் போன்றவை தெரிந்தால் ஆயிரக்கணக்கான சொற்களில் பாதிக் கதவு திறக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்கினால், பெட்ரோல் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' தீப்பிடிக்காதது என்று ஆகிவிடும். அது சட்டென்று தீப்பற்றக்கூடியது. 'இன்வேல்யுவபிள்' மதிப்பற்றது இல்லை, விலைமதிக்க முடியாதது. ஒட்டை வைத்து ஊகித்ததை வாக்கியத்தில் போட்டுப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள்.

தி ஹிந்து தலையங்கம் படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். பத்து நிமிடத்தில் தூக்கம் வருகிறது.

வரத்தான் செய்யும். 1878 முதல் சென்னையிலிருந்து வரும் அந்த நாளிதழ் நல்லதுதான். ஆனால் தலையங்கம் என்பது அன்றைய செய்தியை ஏற்கெனவே அறிந்தவர்களுக்காக எழுதப்படுவது. செய்தியும் புதிது, மொழியும் புதிது என்றால் ஊகத்துக்குப் பிடிமானம் ஏது?

மாவட்டச் செய்தியிலோ விளையாட்டுப் பக்கத்திலோ தொடங்குங்கள். காலையில் தினத்தந்தியிலோ தினமணியிலோ படித்த ஒரு செய்தியை, அதே நாளில் ஆங்கில நாளிதழில் தேடிப் படியுங்கள். யார், எங்கே, என்ன நடந்தது என்று எல்லாம் தெரியும். தெரியாதது சொல் மட்டும்தான்.

இன்னொரு வழி. ஆங்கிலத் தலைப்புகளில் இடம் குறைவு என்பதால் குட்டிச் சொற்களாகப் போடுவார்கள்: புரோப் (probe), நாட் (nod), நாப் (nab), ஹெல்ட் (held), மல் (mull). அதே விஷயத்தை முதல் பத்தியில் முழுச் சொல்லில் எழுதியிருப்பார்கள். தலைப்பில் 'புரோப்' என்றால் கீழே 'இன்வெஸ்டிகேஷன்'. மேலே 'நாட்' என்றால் கீழே 'அப்ரூவல்'. மேலே 'ஹெல்ட்' என்றால் கீழே 'அரெஸ்டட்'. தலைப்பைப் படித்து ஊகியுங்கள், முதல் பத்தியில் விடையைச் சரிபாருங்கள். அகராதியே தேவையில்லை. இதைச் சில வாரம் செய்தபின் தலையங்கத்துக்குப் போகலாம்.

மொத்தம் எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

அடிக்கடி வரும் முதல் 2,000 சொற்குடும்பங்கள் தெரிந்தால் சாதாரண உரைநடையில் சுமார் 80 விழுக்காடு கைவசம். குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும். நாவலும் நாளிதழும் தடையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 குடும்பங்கள் வேண்டும் என்பது நேஷன் 2006இல் போட்ட கணக்கு. கல்லூரிப் புத்தகங்களோடு போராடுபவர்கள் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த 570 குடும்பங்களின் பட்டியலைத் தேடி எடுங்கள். கல்விசார் நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் அதிலிருந்துதான் வருகிறது. பட்டியல்களில் நான் மனதாரச் சிபாரிசு செய்வது இது ஒன்றுதான்.

நோட்டில் எப்படி எழுதிவைப்பது?

சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அது வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, சொல்லுக்கு அடிக்கோடிடுங்கள். கீழே உங்கள் ஊகம். அதற்குக் கீழே, அகராதி விளக்கத்தை அப்படியே நகலெடுக்காமல் உங்கள் நடையில். ஊகம் தப்பென்றால் அடித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள். தப்பிய ஊகத்தோடு சேர்ந்துதான் சரியான பொருள் நினைவில் நிற்கும். கடைசியாக உங்கள் வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒரு சொந்த வாக்கியம். கூடவே, அந்தச் சொல்லோடு ஒட்டிவரும் சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள்: 'ரிலக்டன்ட்' என்றால் அடுத்து 'டு'.

நாளொன்றுக்கு மூன்று, நான்கு போதும். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திருப்பிப் பாருங்கள்.

வங்கித் தேர்விலும் எஸ்எஸ்சியிலும் வரும் குளோஸ் டெஸ்ட்டுக்கு இது உதவுமா?

அந்தக் கேள்வி சோதிப்பதே இதைத்தான். ஒரு பத்தியில் சில இடங்களைக் காலியாக விட்டு நான்கைந்து தெரிவுகள் கொடுப்பார்கள். பலர் முதல் கோடிட்ட இடம் வந்ததுமே தெரிவுகளுக்குத் தாவுகிறார்கள். வேண்டாம். பத்தியை முழுதாக ஒருமுறை படித்து, எழுதியவர் புகழ்கிறாரா குறை சொல்கிறாரா என்று முடிவு செய்யுங்கள்; அதிலேயே சில தெரிவுகள் கழன்றுவிடும். தெரிவுகளைக் கையால் மறைத்து, காலியிடத்தில் தமிழிலாவது ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். பிறகு, கோட்டுக்கு அடுத்து நிற்கும் முன்னிடைச் சொல்லை (ப்ரெபொசிஷன்) பாருங்கள். 'ஆன்' இருந்தால் 'டிபெண்ட்' வரலாம், 'ரிலை' வரலாம்; 'டிரஸ்ட்' அவ்வளவு எளிதில் வராது.

மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

அவசரத்துக்குச் செயலி சரி. கற்றுக்கொள்ளும் நேரத்தில், ஊகத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகே விரல் திரையைத் தொட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்காமல் நல்ல அகராதி கிடைக்குமா?

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகிய மூன்றின் மாணவர் அகராதிகளும் இணையத்தில் இலவசம், உச்சரிப்பு ஒலியோடு. 'டெட்' (debt) என்பதில் எழுத்தில் இருக்கும் b-யும் 'ரிசீட்' (receipt) என்பதில் இருக்கும் p-யும் வாயில் வராது என்பதை ஒலியைக் கேட்டால்தான் தெரியும். கேம்பிரிட்ஜில் சொற்களுக்குப் பக்கத்தில் ஏ1 முதல் சி2 வரை நிலை போட்டிருப்பார்கள். லாங்மேனில் அடிக்கடி வரும் சொற்களுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். மூன்று புள்ளி என்றால் மிக அதிகப் புழக்கம். தேடிய சொல்லுக்குப் புள்ளியும் இல்லை, நிலையும் இல்லை என்றால், அந்த வாக்கியத்துக்கு மட்டும் பொருளைப் பார்த்துக்கொண்டு, நோட்டில் ஏற்றாமல் அடுத்த வரிக்குப் போகலாம்.